பதில்: படகிலிருந்து எஞ்சின் தூக்கும் கருவிக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதக் கை ஒழியவில்லை. ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடை தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாளும் எங்கள் பக்கத்துப் பட்டறைகளுக்குச் சீசன். கரையேற்றிய விசைப்படகில் எஞ்சினை வெளியே எடுத்துக் கொடுங்கள் என்று தினமும் யாராவது வந்து நிற்பார்கள். அதனால், படகுக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் தம்பி இந்த இழையைத் தொடங்கிக் கேட்டது எனக்கு அகராதிக் கேள்வி இல்லை, நேற்று மத்தியானம் செய்த வேலை.

> பாரந்தூக்கி என்று ஒரு சொல் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது ஐயா, நல்ல சொல்தான், இலங்கையில் அன்றாடம் புழங்குவதும்கூட. ஆனால் தம்பி மொழிபெயர்க்கும் கையேடு உல்லாசப் படகுகளைப் பற்றியது, அதில் ஒரே பத்தியில் இரண்டு கருவிகள் வருகின்றன. ஒன்று கார் பட்டறைகளில் பார்க்கும் 'செர்ரி பிக்கர்': சக்கரம் வைத்த இரண்டு நீளக் கால்கள், பின்னால் ஒரு கம்பம், கம்பத்தின் தலையிலிருந்து முன்னால் நீளும் கை, அந்தக் கையைக் கீழிருந்து தள்ளும் ஹைட்ராலிக் ஜாக்கி. இன்னொன்று 'கேன்ட்ரி': இரண்டு பக்கமும் கவட்டுக் கால்கள், மேலே குறுக்காக ஓர் இரும்பு உத்தரம், அதில் தொங்கும் செயின் பிளாக், அதாவது சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி. டிரெய்லரில் நிற்கும் படகின் விளிம்பே ஆள் உயரம் வந்துவிடும் என்பதால் முதல் கருவியின் கை பல சமயம் விளிம்பைத் தாண்டி உள்ளே எட்டாது, கால்களும் டிரெய்லர் சக்கரத்தில் போய் முட்டும், அப்படியானால் இரண்டாவதைப் பயன்படுத்து என்கிறது கையேடு. இரண்டுக்கும் பாரந்தூக்கி என்றே போட்டால் 'பாரந்தூக்கி எட்டாவிட்டால் பாரந்தூக்கியைப் பயன்படுத்தவும்' என்று வரும். படிக்கிற பையன் சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவான்.

> பொறியுயர்த்தி, எந்திரத்தூக்கி

பொறி என்றால் எங்கள் பட்டறையில் எலிதான் நினைவுக்கு வரும், அதை விட்டுவிடுவோம். எந்திரத்தூக்கியில் வேறு சிக்கல். மின்தூக்கி என்பது மின்சாரத்தால் தூக்குவது, பாரந்தூக்கி பாரத்தைத் தூக்குவது. எந்திரத்தூக்கி எந்திரத்தைத் தூக்குகிறதா, எந்திரத்தால் தூக்குகிறதா? சொல்லைப் பார்த்தால் தெரியவில்லை. எஞ்சினை எஞ்சின் என்றே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. கடற்கரையில் அதற்கு வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

> தூக்குமரம் 🙂

இதை எழுதிய அண்ணன் சிரிப்புக்குத்தான் எழுதினார் என்று தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் இது உண்மையிலேயே நடந்திருக்கிறது. கப்பலில் சரக்கு தூக்கும் 'டெரிக்' என்ற சொல், 1600 வாக்கில் லண்டன் டைபர்னில் தூக்குப்போடும் வேலை பார்த்த டெரிக் என்பவரின் பெயர். ஆளிலிருந்து மரத்துக்குப் போய், மரத்திலிருந்து கப்பலுக்கு ஏறிவிட்டது. அவர்களுக்கு அந்த வாடை மறந்துபோயிற்று. நமக்குத் தூக்குச்சட்டியும் அதே சொல்தான் என்றாலும், பின்னால் மரம் என்று ஒட்டிவிட்டால் வேறு எதுவும் தோன்றாது. வேண்டாம்.

சரி, யாழ்ப்பாணத்து அண்ணன் போகிற போக்கில் சொன்ன 'துலா'வுக்கு, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் அந்த நீள மரத்துக்கு, வருகிறேன். அதற்கு யாருமே பதில் போடாதது எனக்கு ஆச்சரியம். துலாக்கிணறு பார்த்தவர்கள் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள்: ஆடுகால் நிற்கிறது, அதன் மேல் நீளமான துலா, முனையில் துலாக்கொடி, கொடியில் வாளி. இப்போது ஆடுகாலுக்குப் பதில் இரும்புக் கம்பம், துலாவுக்குப் பதில் இரும்புக் கை, வாளிக்குப் பதில் எஞ்சின். செர்ரி பிக்கர் அதுவேதான். ஆங்கிலக்காரன் பழம் பறிக்கும் பெயரை வைத்தான், கிரேன் என்பதற்கு நாரையின் பெயரை வைத்தான். நாம் கிணற்றடியிலிருந்து எடுத்தால் என்ன குறை?

வரப்போகிற மறுப்பு தெரியும். துலாவுக்குத் தாங்குபுள்ளி நடுவில், இந்தக் கருவிக்குக் கடைசியில், ஆகவே நெம்புகோல் வகையே வேறு என்று இயற்பியல் ஆசிரியர் யாராவது எழுதுவார். உண்மைதான். கையின் மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் ஜாக்கி தள்ளுகிறது என்றால், முனையில் 400 கிலோ தொங்கும்போது ஜாக்கிக்கு ஏறக்குறைய 1200 கிலோ விழும். (5.7 லிட்டர் எட்டு சிலிண்டர் படகு எஞ்சின் ஒன்று சுமார் அந்த 400 கிலோ இருக்கும்.) ஆனால் துலா மிதித்தவருக்கு உடம்பில் ஏறிய பாடம், தள்ளிப் போகப் போகக் கனம் கூடும் என்பது. இந்தக் கருவியில் ஆளைக் கவிழ்ப்பதும் அதே கணக்குத்தான். எங்களிடம் உள்ள இரண்டு டன் கருவியின் கையில் நான்கு துளைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் 2000, 1500, 1000, 500 என்று, கையை அந்தத் துளைவரை நீட்டினால் எத்தனை கிலோ தூக்கலாம் என்பது பெயின்டில் எழுதியிருக்கும். வாங்குகிறவர்கள் இரண்டு டன் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

பக்கத்துப் பட்டறை ஒன்றில் இதை நேரில் பார்த்தேன். கியர்பாக்ஸைக் கழற்றாமல் டீசல் எஞ்சினை எடுத்தார்கள், 700 கிலோவுக்குக் குறையாது. கை எட்டவில்லை என்று கடைசித் துளைக்கு நீட்டி ஊசியைப் போட்டுவிட்டார்கள். எஞ்சின் பலகையை விட்டு ஒரு சாண்தான் எழும்பியிருக்கும், கருவியின் பின்சக்கரம் இரண்டும் சத்தமே இல்லாமல் தரையைவிட்டு மேலே வந்தன. ஜாக்கியின் வால்வைப் பிடித்திருந்த பையன் பயத்தில் அதை ஒரே திருகாகத் திறந்துவிட்டான். எஞ்சின் உட்கார்ந்த இடத்தில் ஆயில் பேன் நசுங்கியதோடு போயிற்று, யாருக்கும் அடி இல்லை. 'துலாவை நீட்டாதே' என்று ஒரு குரல் வந்திருந்தால் அவனுக்குப் புரிந்திருக்கும், அது யாழ்ப்பாணம் இல்லை, நாகை என்றாலும்.

துலாபாரம் நினைவுக்கு வருகிறதே என்கிறீர்களா? வரட்டும். எஞ்சின் எடைக்கு எடை வாழைப்பழம் கேட்காதவரை சரி. குழப்பம் வேண்டாமென்றால் 'எஞ்சின் துலா' என்று முன்னொட்டோடு போடலாம்.

அடுத்தது கேன்ட்ரி. தோரணம் என்று ஒருவர் எழுதியிருந்தார், அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தோரணம் எதையும் தாங்காது, மாவிலையைத் தவிர. என் ஓட்டு 'ஊஞ்சற்கால்'. இரண்டு பக்கமும் கவட்டுக் கால், மேலே குறுக்குத் தண்டு: பூங்காவில் ஊஞ்சல் பார்த்த குழந்தைக்குக்கூட வடிவம் தெரியும். இதில் வேலை நடக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஊஞ்சற்காலைப் படகுக்குக் குறுக்கே, இந்தப் பக்கம் ஒரு கால் அந்தப் பக்கம் ஒரு கால் என்று நிறுத்தி, செயினை இழுத்து எஞ்சினைப் படகுக்கு மேலே தொங்கவிட்டு, அப்புறம் டிரெய்லரோடு படகை முன்னால் இழுத்துவிடுவார்கள். எஞ்சின் அந்தரத்தில் அப்படியே நிற்கும், அதன் அடியிலிருந்து படகு போய்விடும். செயின் பிளாக்கில் கையை விட்டாலும் உள்ளே இருக்கும் பிரேக் பிடித்துக்கொள்ளும் என்பதால் இது நிதானமான வேலை. செயின் பிளாக்குக்குக் கப்பி, சகடை, ராட்டினம் என்றெல்லாம் பட்டியல் வந்திருந்தது. அவை வெறும் உருளைகள், கயிற்றை விட்டால் வாளி கிணற்றுக்குள். பிரேக் உள்ள பொருளுக்கு அந்தப் பெயர் ஆபத்து, செயின் பிளாக் அப்படியே இருக்கட்டும்.

கடைசியாக, தம்பி 'மொழிபெயர்க்க முடியவில்லை' என்று விட்டுவிட்ட 'லோடு லெவலர்'. ஓர் இரும்புத் தண்டு, இரண்டு முனையிலும் சங்கிலி, நடுவில் கொக்கி மாட்டும் இடம், கைப்பிடியைச் சுழற்றினால் அந்த இடம் முன்னும் பின்னும் நகரும், எஞ்சின் சாயும் நிமிரும். இது படகில் இல்லாமல் முடியாது, ஏனென்றால் விசிறியைச் சுற்றும் டிரைவ் பின்னால் வெளியே தொங்கும் வகைப் படகுகளில் முதலில் டிரைவைக் கழற்றி, அப்புறம் எஞ்சினை நேராகத் தூக்காமல் கொஞ்சம் அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், நகர்த்தினால்தான் பின்தட்டிலிருந்து விடுபடும், மூக்கைத் தூக்கிச் சாய்க்க வேண்டியும் வரும். தண்டு, இரண்டு பக்கமும் பாரம், தோளைச் சற்று நகர்த்திச் சமன் பார்ப்பது: காவடி! பழனிக்குப் போகிற காவடி மட்டுமல்ல, அந்தக் காலத்தில் சுமை காவியதும் அதில்தான்.

தம்பியின் பத்தியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

'எஞ்சினின் இரண்டு காதுகளிலும் காவடியின் சங்கிலிகளை மாட்டவும். எஞ்சின் துலா விளிம்பைத் தாண்டி எட்டாவிட்டால் துலாவை அளவுக்கு மேல் நீட்ட வேண்டாம்; ஊஞ்சற்காலைப் பயன்படுத்தவும். தாங்கிப் போல்ட்டுகளைக் கழற்றியதும் எஞ்சினை முன்னால் நகர்த்தி விடுவித்து, பிறகு தூக்கவும்.'

காது என்றது தூக்குவதற்காக எஞ்சினிலேயே இருக்கும் வளையத்தை. பட்டறையில் 'லிஃப்டிங் ஐ', அவர்களுக்குக் கண், நம் பாத்திரங்களுக்குக் காது. 'விடுவித்து' மட்டும் ஏதோ ஜாமீன் கொடுத்த மாதிரி இருக்கிறது. வேறு வினைச்சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.