கார் ஸ்டீரியோ ஓடுகிறது, சத்தம்தான் வரவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்

முந்தாநாள் வரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்த செட், வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் 'டப்' என்றது, அதோடு நான்கு ஸ்பீக்கரும் ஊமை. திரை எரிகிறது, ப்ளூடூத் இணைகிறது, வால்யூமைக் கூட்டினால் எண்ணும் ஏறுகிறது. சத்தம் மட்டும் இல்லை.

ஃப்யூஸ் போனால் திரையே எரியாதே, இருந்தாலும் பிடுங்கிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. மியூட், பேலன்ஸ், ஃபேடர் எல்லாம் பார்த்தாயிற்று (தயவுசெய்து அதையே மறுபடி கேட்காதீர்கள்). அப்புறம் ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால் நான்கிலும் 'பட்' என்று வருகிறது, மல்டிமீட்டரும் ஒவ்வொன்றுக்கும் 4 ஓமுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டுகிறது. ஆக, ஸ்பீக்கர் மேல் பழி இல்லை.

சந்தேகம் ஒயர் மேல்தான். முன்கதவுக் கீல் பக்கம் ரப்பர் குழாய்க்குள் போகிற ஒரு ஒயர் தோல் உரிந்து செம்பு பளபளவென்று தெரிந்தது. அது பாடியில் உரசினால் செட்டுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஐசி (சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் சிப்) தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எல்லா ஸ்பீக்கரையும் நிறுத்திவிடும், அது தெரியும். டேப் சுற்றினேன், கார் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கால் மணி நேரம் கழற்றி வைத்தும் மாட்டினேன், பலனில்லை.

செட் ஓடும்போது ஸ்பீக்கர் ஒயருக்கும் பாடிக்கும் நடுவே சுமார் 6 வோல்ட் இருக்க வேண்டும் இல்லையா? எனக்கு எட்டு ஒயரிலும் 0. இது ஐசி செத்ததற்கு அடையாளமா, இல்லை மியூட் ஒயர் (செட்டின் சத்தத்தை அடக்கச் சொல்லும் ஒயர்) எங்காவது பாடியில் பட்டாலும் இப்படித்தான் காட்டுமா? செட்டைப் பிரிப்பதற்கு முன் வேறு என்ன அளந்து பார்க்கலாம்?