யூலியா டோம்னா காசில் தோளுக்குக் கீழே பிறை: எந்த ஆண்டு?

கேள்வி: வெள்ளிக் காசு, எடை 5 கிராம். முகப்பில் ரோமப் பேரரசி யூலியா டோம்னா, தோளடியில் பிறை. ரோமரின் வழக்கமான வெள்ளிக் காசான தெனாரியஸ் தானா? ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1: தெனாரியஸ் இல்லை, அன்டோனினியானஸ். கி.பி. 215-இல் அவள் மகன், பேரரசர் கரகல்லா கொண்டுவந்தது. பேரரசருக்குக் கதிர்க் கிரீடம், பேரரசிக்குப் பிறை. இரண்டுமே இரட்டை மதிப்பின் அடையாளம். தெனாரியஸ் 3 கிராமை ஒட்டித்தான் இருக்கும்.

பதில் 2: தலையைச் சுற்றிப் பொறித்த எழுத்தையும் பாருங்கள். 'யூலியா டோம்னா அவுக்' ('அவுகுஸ்தா' பட்டத்தின் சுருக்கம்) என்றால் 193-196. 'யூலியா அவுகுஸ்தா' என்றால் கணவர் செவெரஸ் 211-இல் இறக்கும் வரை. 'பியா ஃபெலிக்ஸ்' சேர்ந்தால் அதற்குப் பிறகு. பிறையும் இருப்பதால் உங்களுடையது 215-217. எழுத்து தேய்ந்திருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், நிழலில் தெரியும். தயவுசெய்து தேய்த்துக் கழுவாதீர்கள், மேற்பரப்பு போய்விடும். விளிம்பில் செம்பு எட்டிப் பார்த்து எடையும் குறைந்தால் முலாம் பூசியதாக இருக்கலாம்.

பதில் 3: பேரரசியின் காசு என்றதும் நினைவுக்கு வருகிறது: அதிகாரம் கைமாறுவதைக் காசிலேயே பார்க்க வேண்டுமானால் பேரரசர் நீரோவின் தாய் அக்ரிப்பினாதான். 54-இல் நீரோவும் தாயும் நேருக்கு நேர். முகப்பில் அவள் பட்டம், மகன் பெயர் பின்புறம். 55-இல் மகன் முன்னே, தாய் அவன் முகத்துக்குப் பின்னால் பாதி மறைந்து! முகப்பு எழுத்தும் அவனுக்கே போய்விட்டது.