சிங்கப்பூரில் க்ரூஸ் ஏறும் நாள்: குடும்பமாகப் போகிறவர்களுக்கு

ஊரிலிருந்து விமானத்தில் வந்து கப்பல் ஏறுகிறவர்கள் முதலில் ஒன்றைத் தீர்மானித்துவிடுங்கள்: கப்பல் புறப்படும் அன்று காலையில் சாங்கியில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போட வேண்டாம், முந்தின நாளே வந்துவிடுங்கள். கப்பல் மாலையில்தான் புறப்படும் என்றாலும், செக்-இன் கவுன்டரை ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே மூடிவிடுவார்கள். பயணிகள் பட்டியலை முடித்து அதிகாரிகளிடம் கொடுத்தாக வேண்டும். அதனால் மூடிய பிறகு கெஞ்சிப் பயனில்லை.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் விசாவில் 'மல்டிபிள்' என்று இருக்கிறதா பாருங்கள். கப்பல் பினாங்கோ புக்கெட்டோ போய்த் திரும்பும்போது சிங்கப்பூருக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள். ஒரே நுழைவுள்ள விசாவோடு வந்தால் கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். சிங்கப்பூருக்குள் நுழைய ஆன்லைனில் நிரப்பும் படிவமான எஸ்ஜி அரைவல் கார்டும் இரண்டு முறை நிரப்ப வேண்டும், விமானத்தில் வரும்போது ஒன்று, கப்பலில் திரும்பும்போது ஒன்று. வந்துசேரும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள்தான் அது ஏற்கும். 4 இரவுப் பயணத்துக்கு இரண்டாவது கார்டைக் கிளம்பும் முன்பே போட முடியாது, வழியில்தான் போட வேண்டும். இதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கிற தளம் அரசுத் தளம் அல்ல.

எந்த டெர்மினல் என்பதையும் டிக்கெட்டில் பாருங்கள். மரினா பே க்ரூஸ் சென்டர் வேறு, ஹார்பர்ஃபிரண்ட்டில் இருக்கும் சிங்கப்பூர் க்ரூஸ் சென்டர் வேறு. மரினா பேக்கு மரினா சவுத் பியர் எம்ஆர்டியிலிருந்து நடந்து வரலாம். ஆனால் பெரிய பெட்டிகளும் வயதானவர்களும் இருந்தால் டாக்சிதான் சரி.

*

விசாவுக்கு அடுத்தபடி குடும்பங்கள் தடுமாறுவது பெட்டி விஷயத்தில். டெர்மினல் வாசலில் பெட்டியைக் கொடுத்தால் அது அறைக்கு வந்துசேர மாலையாகும், சில நாள் இரவு எட்டு மணியும் ஆகும். ஆயிரக்கணக்கான பெட்டிகள் எக்ஸ்ரே முடிந்து, தளம் தளமாகப் பிரிந்து போக வேண்டுமே.

அதனால் பாஸ்போர்ட், மாத்திரை, பவர் பேங்க், குழந்தையின் பால்பவுடர், டயப்பர், ஆளுக்கொரு மாற்றுடை, நீச்சலுடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்கிறவர்களை அடிக்கடி பார்க்கலாம். அந்தப் பெட்டியைத் தேடி எடுத்து வரும்வரை மொத்தக் குடும்பமும் ஓரமாகக் காத்திருக்க வேண்டியதுதான்.

பெட்டியில் கட்டும் அட்டையை வீட்டிலேயே அச்சடித்து, அறை எண் வெளியே தெரியும்படி நாலாக மடித்து, முழுக்க ஒட்டும் டேப் சுற்றி, கைப்பிடியில் வளையமாக ஸ்டேப்ளர் அடியுங்கள். வெறும் தாள் பெட்டிகளுக்கிடையே உரசிக் கிழிந்துவிடும், மழையில் மையும் கரையும். கிழிந்தால் யார் பெட்டி என்று தெரியாது. பழைய விமான அட்டைகளைக் கழற்றிவிடுங்கள். பெட்டிக்குள்ளும் பெயரும் அறை எண்ணும் எழுதிய ஒரு தாள் போட்டு வையுங்கள்.

நம் வீடுகளில் எடுத்து வைக்கும் ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதற்கும் அனுமதி இல்லை. சூடேறும் கம்பி உள்ள எதுவும் தீ அபாயம். சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்னழுத்த உயர்விலிருந்து காக்கும் கருவி) உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியும் கூடாது. கப்பலின் மின்சார அமைப்பு பெரும்பாலும் வீட்டில் இருப்பதுபோல் எர்த்தோடு பிணைந்திருக்காது. அதில் அந்தப் பாதுகாப்புக் கருவியே சூடேறித் தீப்பிடிக்கலாம். எக்ஸ்ரேயில் இவை தெரிந்தால் பெட்டி அறைக்கு வராது, பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய்விடும். இரவு வரை பெட்டி வரவில்லை என்றால் முதலில் அங்கே கேளுங்கள். வீட்டில் கட்டிய புளியோதரையும் வேண்டாம், கடையில் சீல் வைத்த பாக்கெட் என்றால் பொதுவாகப் பிரச்சினை இல்லை.

*

அடுத்தது பணம். கப்பலில் செலவெல்லாம் செக்-இன்னுக்குப் பிறகு ஆளுக்கொன்றாகத் தரும் அறைக் கார்டில்தான். அதோடு ஒரு கிரெடிட் கார்டை இணைக்கச் சொல்வார்கள். இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு 2020 முதல் தானாக இயங்குவதில்லை, வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும். ஊரிலேயே செய்துவிடுங்கள், ஓடிபி வருகிற சிம் வெளிநாட்டில் வேலை செய்யாமல் போகலாம். டெபிட் கார்டு கொடுத்தால் முன்தொகையாக அவர்கள் பிடித்து வைக்கிற பணம் சில நாள் கணக்கில் முடங்கிக் கிடக்கும்.

*

அறைகள் பொதுவாக மதியம் ஒரு மணிக்கு மேல்தான் தயாராகும். அதுவரை எல்லோரும் பஃபேக்குத்தான் ஓடுவார்கள், தட்டோடு இடம் தேடி அலைவார்கள். முதல் நாள் மதியம் கீழ்த்தளத்து உணவறையும் திறந்திருக்கிறதா என்று கப்பல் நிறுவனத்தின் செயலியில் பாருங்கள். திறந்திருந்தால் பெரியவர்களை அங்கே அழைத்துப் போங்கள், உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடலாம். சைவம், ஜைன உணவு வேண்டும் என்று பதிவின்போதே சொல்லியிருந்தாலும், முதல் நாளே உணவறை மேற்பார்வையாளரிடம் இன்னொரு முறை சொல்வது நல்லது. சாப்பிட்டதும் பிள்ளைகளைக் கிட்ஸ் கிளப்பில் பதிந்துவிடுங்கள், மாலையில் வரிசை நீளும். பெரும்பாலும் 3 வயது முடிந்து டயப்பர் விட்ட பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். டயப்பர் போட்ட குழந்தைகளைப் பொதுக் குளத்தில் இறக்கவும் விடமாட்டார்கள், நீச்சல் டயப்பராக இருந்தாலும்.

பாட்டிக்குச் சக்கர நாற்காலி டெர்மினலில் கிடைக்கும், ஆனால் அது கப்பலில் ஏறுகிற வரைக்கும்தான். உள்ளேயும் தேவை என்றால் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும்.

*

எல்லாரும் தட்டிக்கழிக்கப் பார்க்கிற மஸ்டர் டிரில்லை, அதாவது ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று காட்டும் பாதுகாப்புப் பயிற்சியை, முதல் வேலையாக முடியுங்கள். 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா இத்தாலிக் கரையோரம் பாறையில் மோதியபோது 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறியிருந்த பல பயணிகளுக்கு அந்தப் பயிற்சி நடக்கவே இல்லை, 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. 2015 முதல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும். இப்போது பல கப்பல்களில் செயலியில் வீடியோ பார்த்துவிட்டு, அறைக் கார்டில் அச்சிட்டிருக்கும் கூடுமிடத்துக்கு நடந்துபோய்க் கார்டை ஸ்கேன் செய்தால் போதும். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், வழியை அவர்கள் காலால் நடந்து தெரிந்துகொள்ளட்டும். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி: இதுதான் அபாய அறிவிப்பு. சின்னப் பிள்ளைகளுக்குக் கூடுமிட எண் எழுதிய கைப்பட்டை தருவார்கள், பயணம் முடிகிறவரை கழற்ற வேண்டாம். கைக்குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று அங்கே நிற்கும் ஊழியரிடமே கேட்டுவிடுங்கள்.

கயிறு அவிழ்க்கிறபோது எல்லோருடைய போனையும், பிள்ளைகள் கையில் இருப்பதையும் சேர்த்து, ஃப்ளைட் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திறந்து வையுங்கள். கரை விலகியதும் போன் தானாகக் கப்பலின் கடல்வழி நெட்வொர்க்கைப் பிடித்துவிடும். சாதாரண ரோமிங் பேக் பெரும்பாலும் அதற்குச் செல்லாது.