டயர் பாலிஷ்: பளபளப்பு வேண்டாம், பாதுகாப்புக்கு எதை வாங்கலாம்?

வைகைக்கரை:
வணக்கம். மதுரையில் பெரும்பாலும் வெயிலிலேயே நிற்கும் என் காரின் டயர்கள், ஓட்டம் குறைவாக இருந்தும், பக்கவாட்டில் பழுப்பேறிக் கிடக்கின்றன. வாட்டர் வாஷ் கடையில் கழுவியபின் ஏதோ ஒரு கலவையைத் தடவி அனுப்புகிறார்கள். அன்றைக்குப் பளபளக்கிறது; மறுநாளே புழுதி அப்பிக்கொள்வதோடு, கதவின் கீழ்ப்பகுதியில் கரும்புள்ளிகளும் தெறித்திருக்கின்றன. ரப்பர் வெடிக்காமல் இருந்தால் எனக்குப் போதும். எதை வாங்கலாம்?

பட்டறைக்காரன்:
அந்தக் கலவை என்னவென்று முதலில் கேட்டுவிடுங்கள். டீசலோ பழைய எஞ்சின் ஆயிலோ சேர்ந்திருந்தால், அது ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும் என்பதால், இனித் தடவ வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நல்லது. கடையில் விற்பவை பொதுவாக இரண்டு வகை. பெட்ரோலியக் கரைப்பான் கலந்தது பிசுபிசுப்பாக இருக்கும். ஈரம் சொட்டுவதுபோல் மின்னும், மழைக்கும் ஓரளவு தாங்கும், ஆனால் புழுதியை இழுக்கும். நீரை அடிப்படையாகக் கொண்டது பெரும்பாலும் பால்போல் வெண்மையாக இருக்கும். அடக்கமான கருமையைத் தரும், அடிக்கடி தடவ வேண்டியிருக்கும். உங்கள் தேவைக்கு இரண்டாவதே பொருந்தும். 303 புரொடெக்டன்ட் அந்த வகையைச் சேர்ந்தது.

ரப்பர் வேதியியல்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பாதுகாப்பு முழுவதும் புட்டியிலிருந்து வருவதாக எண்ணிவிடக் கூடாது. டயர் ரப்பரில் கலந்திருக்கும் கார்பன் பிளாக் என்னும் கரித்தூள் புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்கிறது. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யாமலிருக்க 6பிபிடி போன்ற வேதிப்பொருளையும் மெழுகையும் தயாரிப்பின்போதே கலக்கிறார்கள். இவை மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வருகின்றன. அவ்வாறு வந்த 6பிபிடி காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைவதால்தான் நீங்கள் காணும் பழுப்பு உண்டாகிறது. அது அழுக்கன்று, டயர் தன்னைக் காத்துக்கொள்ளும் தடயம். சக்கரம் உருளும்போது பக்கச்சுவர் நெளிந்து மெழுகை வெளியே தள்ளுகிறது. நின்றே கிடக்கும் வண்டியில் அது போதுமான அளவு நடப்பதில்லை. ஆகவே எந்தப் பாலிஷைவிடவும் நிழலும், சரியான காற்றழுத்தமும், அவ்வப்போது ஓர் ஓட்டமும் உங்களுக்கு அதிகம் உதவும்.

மாலைநேர ஓட்டுநர்:
தடவும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பழைய பூச்சு முழுவதும் போகும்வரை ஷாம்புவும் கெட்டியான பிரஷும் கொண்டு தேய்க்க வேண்டும். பழுப்பாக வரும் நுரை வெண்மையாக மாறினால் போதும். நன்றாகக் காய்ந்தபின் ஸ்பாஞ்சில் சிறிதளவு எடுத்துப் பக்கச்சுவரில் மட்டும் பூசி, சில நிமிடம் கழித்து மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். உங்கள் கதவில் தெறித்தது துடைக்காமல் விட்ட அந்த மிச்சம்தான். சாலையைத் தொடும் பகுதியில் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. பைக் டயருக்கோ, வளைவில் சாயும்போது விளிம்பும் தரையைத் தொடும் என்பதால், அறவே வேண்டாம்.

வாங்கும் முன் டயரின் வயதையும் பார்த்துவிடுங்கள். பக்கச்சுவரில் DOT என்று தொடங்கிப் பொறித்திருக்கும் டிஓடி குறியீட்டின் இறுதியில் 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். ஏற்கெனவே கீறல் விட்டிருந்தால், பாலிஷ் அதைக் கண்ணுக்கு மறைக்குமே தவிர ஒட்டவைக்காது. டயர் கடையில் காட்டிவிடுங்கள்.