இ30 ஸ்டீயரிங் ஆட்டம்: வீட்டில் சரிசெய்தவர்கள் சொல்லுங்கள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

டர்பன் பக்கம் பழைய பிஎம்டபிள்யூ இ30 வைத்திருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதிலும் 325ஐஎஸ் என்றால் ரோஸ்லின் தொழிற்சாலையில் நம் தென்னாப்பிரிக்காவுக்கென்றே செய்த வண்டி, 2.7 லிட்டர் எஞ்சின், விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் வண்டியில் 90 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் தொட்டால் ஸ்டீயரிங் கையில் நடுங்கும், நேர் ரோட்டில்கூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அலையும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இங்கே ரோடுகள் என்ன பாடு பட்டன என்று உங்களுக்கே தெரியும், அந்தக் குழிகளில் விழுந்து விழுந்து எது போயிருக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. ஒரு கராஜில் காட்டியபோது ஸ்டீயரிங் ரேக்கையே, அதாவது ஸ்டீயரிங் திருப்பினால் இடம் வலம் நகர்ந்து சக்கரத்தைத் திருப்பும் பல்சட்டத்தையே, மாற்றச் சொன்னார்கள். ரேக்கில் ஒரு குறையும் இல்லை! அதன் ரப்பர் உறையைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே எண்ணெய் கசிவும் இல்லை, ஆட்டமும் இல்லை.

எதையும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் டை ராடும் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) ரேக்கும் பேசும், மேலும் கீழுமாக ஆட்டினால் வீல் பேரிங்கும் பால் ஜாயிண்டும் (குண்டு மாதிரி எந்தப் பக்கமும் திரும்பும் மூட்டு) பேசும். நீங்கள் ஆட்டும்போது வீட்டில் இன்னொருவர் ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்க்கட்டும், கண்ணுக்குத் தப்புகிற ஆட்டம் விரலுக்குத் தெரிந்துவிடும். ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் ரப்பர் கப்ளிங்கையும் மறக்காமல் பாருங்கள். அப்புறம் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்மின் பின்கோடியில் இருக்கும் லாலிபாப் புஷ்ஷை, அதாவது அந்த ரப்பர் வளையத்தை, ஒரு கம்பியால் நெம்பிப் பாருங்கள். என் வண்டியில் அங்கேதான் ரப்பர் முழுக்கக் கிழிந்து, ஆர்ம் தன் இஷ்டத்துக்கு முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. பிரேக் போடும்போது வந்த நடுக்கத்துக்குக் காரணம் அதுதான்.

ஆர்மைக் கழற்ற பால் ஜாயிண்டைப் பிரிக்கவேண்டும். அதற்கு முள்கரண்டி மாதிரி ஒரு கருவி விற்கிறார்கள், அது ஜாயிண்டின் ரப்பர் உறையைக் கிழித்துவிடும், மறுபடி போடப்போகிற ஜாயிண்டில் அதைத் தொடவே தொடாதீர்கள். நட்டை முழுதும் கழற்றாமல் நாலு மரை விட்டுவிட்டு, ஜாயிண்ட் உட்கார்ந்திருக்கும் இரும்புக் கண்ணின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் பட்டென்று விடும். ஆர்மின் உள்பக்க ஜாயிண்டின் நட்டுதான் உயிரை வாங்கும். எஞ்சினுக்கு அடியில் குறுக்கே போகும் கிராஸ்மெம்பருக்கு மேலே, எஞ்சின் மவுண்ட் பக்கம் ஒளிந்திருக்கும், பொறுமையாகத்தான் எட்டவேண்டும். கழற்றிய லாக் நட்டைத் திரும்பப் போடாதீர்கள், புதுசு போடுங்கள்.

புது புஷ்ஷை ஆர்மில் ஏற்றியதும் வண்டியை உடனே தரையில் இறக்கிவிட வேண்டும், இதை நிறையப் பேர் செய்வதில்லை. ஏற்றும்போது தடவுகிற வழுக்கல் அரை மணி நேரத்துக்குள் காய்ந்து ரப்பர் ஆர்மைப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் தொங்கியபடியே அது பிடித்துவிட்டால், வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரமே கிழியும். அப்புறம் பொருள் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். இறக்கி, பானெட்டைக் கையால் நாலு தடவை அமுக்கிவிட்டு, அப்படியே ஒரு டீ குடிக்கப் போய்விடுங்கள்.

டோங்காட்டிலிருந்து:

அண்ணா, நீங்கள் சொன்ன புஷ் விஷயம் எனக்கும் நடந்தது, ஆனால் என்னுடையது மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை. இதில் நாலு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன், அதாவது மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள், கீழ் ஆர்மில் இருக்கும் மையம் விலகிய எக்சென்ட்ரிக் போல்ட்டைத் திருப்பித்தான் அலைன்மெண்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) வைப்பார்கள். நாம் கடலோரம் இருக்கிறோமே, உப்புக்காற்றில் அந்த போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துரு ஏறி ஒன்றாகிவிடுகிறது. துரு எண்ணெயை ஊற்றி ராத்திரி முழுக்க விட்டும் அசையவில்லை, கடைசியில் அறுத்துத்தான் எடுத்தேன். உங்களில் யாருக்காவது அது இன்னும் சுழல்கிறது என்றால் இன்றைக்கே கழற்றி, கிரீஸ் பூசி மாட்டிவிடுங்கள். கழற்றுவதற்கு முன்னால் போல்ட் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பெயிண்டால் ஒரு குறி போடுங்கள்.

பீனிக்ஸிலிருந்து:

அண்ணா, நானும் என் அப்பாவும் சேர்ந்து அவருடைய இ30இல் டை ராட் மாற்றப்போகிறோம். வண்டியை விற்கும் யோசனை, ரோட்வொர்த்தி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) இல்லாமல் பெயர் மாற்ற முடியாது, ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருந்தால் அங்கே தள்ளிவிடுவார்கள். முன் ஸ்ட்ரட்டையும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) அதே நாளில் பிரிக்கலாமா?

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

டை ராட் கட்டாயம் நீங்களே செய்யலாம் தம்பி. பழையதைக் கழற்றுமுன் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், புதியதை அதே நீளத்துக்கு வைத்தால் அலைன்மெண்ட் கடைவரை வண்டி ஒழுங்காகப் போகும். உள்முனையில் மடக்கும் லாக் வாஷர் ஒன்று இருக்கும், அதைப் புதிதாகப் போட்டு மடக்க மறக்காதீர்கள், அது இல்லாமல் ராட் ரேக்கிலிருந்து கழன்றால் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஸ்ட்ரட் வேறு விஷயம். ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் இருக்கும், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் நல்ல கம்ப்ரஸர் இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்காமல் மேல் நட்டைத் தளர்த்தினால் ஆளையே கொல்லும், இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றி, ஸ்பிரிங் மாற்றும் கடைக்குக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வெறும் ஜாக்கை நம்பி அப்பாவை வண்டிக்கு அடியில் படுக்க விடவே கூடாது, ஸ்டாண்ட் கைவசம் இல்லையென்றால் என்னுடையதை வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அலைன்மெண்டில் முன்சக்கர டோ, அதாவது சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவு, மட்டும்தான் திருத்த முடியும், இ30இன் பின்பக்கத்தில் கம்பெனி வைத்தபடி திருத்துவதற்கு ஒன்றுமே கிடையாது. பின்னால் வண்டி இழுக்கிறது என்றால் பின்சக்கரத்தைப் பிடிக்கும் டிரெய்லிங் ஆர்ம் புஷ்களையும், அந்த ஆர்ம்கள் மாட்டியிருக்கும் சப்ஃப்ரேம் சட்டத்தின் புஷ்களையும் பாருங்கள். சனிக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன், ஸ்டாண்ட் எடுக்க வரும்போது வண்டியையும் கொண்டுவாருங்கள், அதையும் பார்த்துவிடலாம்.