மறுமொழி: ஒலிக்கருவிகளின் "சமச்சீர் இணைப்பு" – மாற்றாகச் "சமனிணைப்பு"

நண்பர்களுக்கு வணக்கம். ஒலிக்கருவிகளுக்கிடையே இரு கம்பிகளைக் கொண்டு சைகையை (signal) கடத்தி, வெளியிலிருந்து நுழையும் குறுக்கீட்டை நீக்கும் balanced connection என்ற இணைப்புக்குத் தமிழ்ச்சொல் தேடும்போது இப்படி எழுதியிருந்தீர்கள்:

> இரு கம்பிகளிலும் ஒரே சைகை, ஒன்று நேராகவும் மற்றது தலைகீழாகவும் செல்கிறது. ஆகவே "சமச்சீர் இணைப்பு" என்பதே பொருத்தம்.

இந்தச் சொல்லை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பலரும் இப்படித்தான் விளக்குகிறார்கள். ஆனால் குறுக்கீடு நீங்குவதற்குத் தலைகீழ்ச் சைகை காரணமே இல்லை. ஒரு கம்பியில் மட்டும் சைகையை அனுப்பி, மற்றக் கம்பியை அதே அளவு மின்தடையம் வழியாகத் தரையோடு இணைத்துவிடும் கருவிகள் நிறைய உள்ளன. அவற்றிலும் குறுக்கீடு அதே அளவு நீங்குகிறது. இரு கம்பிகளிலும் எதிரெதிராக அனுப்பினால் மின்னழுத்த வேறுபாடு இருமடங்காகும். 6 டெசிபெல் கூடுதலாகக் கிடைக்கும். அது தனி நன்மை.

உண்மையில் சமமாக இருக்க வேண்டியது, ஒவ்வொரு கம்பிக்கும் தரைக்கும் இடையிலான மின்னெதிர்ப்பு (impedance). அனுப்பும் முனை, கேபிள், பெறும் முனை ஆகிய மூன்று இடங்களிலும் அது சமமாக இருந்தால், வெளியிலிருந்து வரும் குறுக்கீடு இரு கம்பிகளிலும் ஒரே மின்னழுத்தமாகப் படியும். பெறும் முனையிலுள்ள வேறுபாட்டுப் பெருக்கியோ மின்மாற்றியோ இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். சமமாக வந்தது கழிந்துவிடும், சைகை நிற்கும். ஒரு பக்க மின்னெதிர்ப்பு சற்றே மாறினாலும், குறுக்கீட்டின் ஒரு பகுதி வேறுபாடாக உருமாறிச் சைகையோடு கலந்துவிடும். அதன்பின் அதைப் பிரிக்க வழியில்லை. கம்பிகளை முறுக்குவதும் இதற்காகத்தான்: காந்தப்புலத்தை இரண்டும் ஒரே அளவில் சந்திக்க வேண்டும்.

தராசின் சமன் எங்கே இருக்கிறது? தட்டில் வைத்த பொருளிலா, கோலின் இரு கைகளிலா? இங்கும் சமன் என்பது சுற்றின் குணம். அதனால்தான் "சமச்சீர்" தவறான இடத்தைச் சுட்டுகிறது என்கிறேன். "சமநிலை" என்ற சொல்லும் முன்பு வந்தது. அது இயற்பியலில் விசைகள் ஈடாகி நிற்கும் நிலைக்கு ஊன்றிவிட்ட சொல்.

என் பரிந்துரை: சமனிணைப்பு. அந்த இரு கம்பிகளுக்குச் சமனிணை. இணை என்றால் இரட்டை என்ற பொருளும் உண்டென்பதால் கூடுதல் வசதி. இந்தச் சமன் இல்லாத வகையைச் சமனிலா இணைப்பு எனலாம்.

இந்தச் சமன் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு கணக்கு. பெருக்கம் 1 உள்ள எளிய வேறுபாட்டுப் பெருக்கியில் நான்கு மின்தடையங்கள் இருக்கும். அவை 1 விழுக்காடு வரை பிசகலாம் என்றால், மிக மோசமான சேர்க்கையில், இரு கம்பிகளிலும் ஒன்றாக வரும் குறுக்கீட்டை விலக்கும் அளவு 34 டெசிபெல்தான். குறுக்கீட்டில் ஏறத்தாழ 50-இல் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். பிசகு 0.1 விழுக்காடானால் 54 டெசிபெல். ஆய்வகத்தில் இரு முனைகளையும் கச்சிதமாகப் பொருத்தி அளந்தால் அழகான எண் கிடைக்கும், மேடையில் கிடைக்காது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஈசி) 60268-3 செந்தரத்தின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, அளவீட்டின்போது ஒரு கம்பியில் வேண்டுமென்றே 10 ஓம் சேர்க்கச் சொன்னது இதனால்தான். மிகச் சரியான திருத்தம் அது.

அடுத்து, இரு கம்பிகளிலும் ஒன்றாக வருவதற்கு "பொது இரைச்சல்" என்று எழுதியிருந்தீர்கள். இதில் எனக்கு இரண்டு தடைகள். இரைச்சல் என்பதைப் பெருக்கியின் உள்ளேயே பிறக்கும் சீறலுக்கு வைத்துக்கொள்வோம். அதை இந்த இணைப்பு தொடவே தொடாது. வெளியிலிருந்து நுழைவதைக் குறுக்கீடு என்போம். இரண்டையும் குழப்பினால், சீறலைக் குறைக்க விலையுயர்ந்த கேபிள் வாங்குவார்கள். இரண்டாவது தடை, பொதுவாக வருவதெல்லாம் வேண்டாதது அல்ல. மின்தேக்கி மைக்குகளுக்கு 48 வோல்ட், இரு 6.8 கிலோஓம் மின்தடையங்கள் வழியாக இரு கம்பிகளிலும் ஒரே அளவில் போகிறது. வேறுபாடு சுழி என்பதால் ஒலிப்பாதைக்கு அது தெரிவதே இல்லை. நாமே விரும்பி அனுப்பும் மின்சாரத்தை "பொது இரைச்சல்" என்பது எப்படி?

எனவே பொதுவரவு. வேண்டியதோ வேண்டாததோ, இரண்டிலும் ஒன்றாக வருவது. அதை எவ்வளவு விலக்குகிறது என்று டெசிபெல்லில் சொல்லும் அளவுக்குப் (CMRR) பொதுவரவு விலக்கு விகிதம்.

கணக்கு வழக்கில் வரவு என்பதற்கு வேறு பொருள் உண்டே என்ற எதிர்ப்பு எழலாம். சூழல் பிரித்துக்காட்டும் என்று நினைக்கிறேன். "பொதுமுறை" (common mode) என்று பாடநூல் வழியில் சொல்வதைவிட இது பொருளை நேரே தருகிறது. இதைவிடச் சிறந்த சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள். சமனிணைப்பை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அன்புடன்