நாக்குல ஆறாத புண்ணு, கழுத்துல ஆபரேஷன்: நம்ம குமரி மாவட்டத்துக்காரங்க அனுபவம் சொல்லுங்க

குலசேகரத்துக்காரி:
எங்க மாமா ரப்பர் வெட்டுறவரு. நாக்கு ஓரத்துல சின்னப் புண்ணு, பல்லு குத்துகுன்னு சொல்லிக்கிட்டு மூணு மாசம் மெடிக்கல்ல பி காம்ப்ளெக்ஸ் வாங்கி முழுங்கினாரு, வெத்தலையும் போயிலையும் மட்டும் நிறுத்தல்ல. மீன்கறி எரியுகுன்னு மரச்சீனியை வெறும் உப்பு தொட்டு தின்ன ஆரம்பிச்சப்பம்தான் அத்தைக்கு சந்தேகம் வந்து வலுக்கட்டாயமா கூட்டிட்டுப் போனாங்க. டாக்டர் நாக்கை துணியால பிடிச்சு இழுத்து விரலால அமுக்கிப் பாத்தாரு, புண்ணுக்க அடி கல்லு மாதிரி இருக்குன்னாரு, அன்னைக்கே ஓரத்துல கிள்ளி பயாப்ஸிக்கு அனுப்பினாச்சு. கேன்சர்தான். ஆரம்ப ஸ்டேஜ்.

சண்டை அதுக்குப் பொறவுதான். நாக்கோட சேத்து கழுத்துல உள்ள நெறிக்கட்டிகளையும் எடுக்கணும்னு டாக்டர் சொல்ல, கழுத்துல ஒண்ணுமே தட்டுப்படல்ல, ஸ்கேன்லயும் இல்ல, பொறவு எதுக்கு கீறணும், காசுக்குத்தான்னு மாமா ஒரே பிடியா நின்னாரு. எனக்கும் அப்படித்தான் தோணிச்சு, பொய் சொல்லல்ல. டாக்டர் பொறுமையா உக்காந்து சொன்னாரு: மும்பை டாட்டா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரியில இதையே ரெண்டு குரூப்பா பிரிச்சு பாத்திருக்காங்க, 2015ல வெளிவந்திச்சு, மொதல்லயே கழுத்தையும் சேத்து எடுத்தவங்கள்ல 3 வருஷம் கழிச்சு 80 சதவீதம் பேரு உயிரோட இருந்தாங்க, கட்டி வரட்டும் பாப்போம்னு விட்டவங்கள்ல 67.5 சதவீதம்தான். மாமா எட்டாங்கிளாஸ், ஆனா இந்தக் கணக்கு புரிஞ்சு போச்சு. எடுத்த நெறிக்கட்டிகளை லேபுல வெட்டிப் பாத்தப்பம் ஒண்ணுல கேன்சர் இருந்திச்சு, விட்டிருந்தா என்னாவும்னு நெனச்சாலே கை நடுங்குகு.

இப்பம் பேச்சு கொஞ்சம் கொழையுது, ஆனா எங்களை ஏசுகப்பம் மட்டும் தெளிவா வருகு. கஷ்டம் தோளுதான், வலது கையைத் தூக்கி ரப்பர் வெட்ட முடியல்ல. இதுக்கு யாருக்காவது வழி தெரியுமா?

நாகர்கோவில் டீச்சர்:
எனக்கு தைராய்டு கட்டி. ஸ்கேன்ல டைராட்ஸ் 5ன்னு போட்டிருந்தாங்க, ரொம்ப சந்தேகப்பட வேண்டிய கட்டிக்குதான் அந்த நம்பர், ஊசி வச்சு செல்லு எடுத்துப் பாத்து ஆபரேஷன்னு முடிவாச்சு. குரலுக்கு வர்ற நரம்பு தைராய்டை ஒட்டியே போகுது, அது போச்சுன்னா எனக்கு வேலையே போச்சு. மூச்சுக் குழாயில வைக்கிற டியூப்லயே சென்ஸார் இருக்கு, நரம்பை தூண்டிப் பாத்தா மெஷின் சத்தம் கொடுக்கும்னு சொன்னாங்க, அதக் கேட்டுதான் தைரியம் வந்திச்சு. குரலுக்கு ஒண்ணும் ஆகல்ல. ஆனா ரெண்டாம் நாளு ராத்திரி உதடும் விரலும் மரத்து மரத்துப் போச்சு, பக்கவாதம்னு நெனச்சு அழுதுட்டேன், பாத்தா கால்சியம் குறைஞ்சிருக்கு. இது வரும்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

குளச்சல் கடல்:
நமக்கு கேன்சர் எல்லாம் இல்ல, உமிழ்நீர்ச் சுரப்பியில கல்லு. சாளை மீன் புளிமுளத்துல கை வச்சாலே தாடைக்கு அடியில எலுமிச்சங்காய் அளவு வீங்கும், ஒரு மணிக்கூர்ல வத்திடும். முன்னாடி வெளிய கீறி சுரப்பியையே எடுப்பாங்களாம், எனக்கு நாக்குக்கு அடியில உமிழ்நீர் வர்ற ஓட்டை வழியா ஈர்க்குச்சி மாதிரி ஒரு கேமராவை விட்டு, குட்டி வலை போட்டுப் பிடிச்சுட்டாங்க. நாம கடல்ல வலை போட்டா அவங்க வாய்க்குள்ள போடுகாங்க. பெரிய கல்லுக்கு இது ஆகாதாம்.

நெய்யூர்க்காரன்:
போயிலையும் வாய்ப் புற்றும் நமக்கு பழைய கதையாக்கும். 1933லயே இங்க நெய்யூர்ல வேலை பாத்த ஓர்னு ஒரு டாக்டர் இதப் பத்தி லான்செட்ல எழுதியிருக்காரு. இங்கேயே இருந்த சோமர்வெல் டாக்டர் 1924ல எவரெஸ்ட்ல தொண்டை உள்தோல் பனியில செத்து அடைச்சு, தானே நெஞ்சை அமுக்கி துப்பி பிழைச்சவரு.

குலசேகரத்தம்மா, மாமாவை சுவத்துல விரலால மேல ஏறச் சொல்லு, பிசியோகாரங்க சொல்லித் தருவாங்க. கழுத்துல ஆபரேஷன் ஆனா தோள் நரம்பு சுணங்கும், எனக்கு சரியாக ஆறு மாசம் எடுத்திச்சு.

குலசேகரத்துக்காரி:
அண்ணே, அன்னைக்கே தொடங்கியாச்சு. அத்தை சுவத்துல பென்சிலால கோடு போட்டு வச்சிருக்காங்க, நேத்து ஸ்விட்ச் போர்டு வரை வந்திருக்கு.